பத்தாது என்று சொல்லத் தகுதியுள்ளவர்

லொறிக்காரர்களும் மனிதர்கள்தான், அவர்களுக்கும் நியாயமான வாடகை கிடைக்க வேண்டும் என்ற ஞானம் மேலிடத்துக்கு எப்போது உதித்தது தெரியுமா? கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் லொறிகளைக் குறுக்கே நிறுத்தி மறியல் செய்த அன்று, பெரிய இடத்துக் கார் ஒன்று கல்யாணச் சாப்பாட்டுக்குப் போகிற வழியில் வசமாக மாட்டிக்கொண்டதே, அன்றைக்குத்தான். அதற்கு முன் வருடக்கணக்காக லொறிக்காரன் வயிறு காய்ந்தது எவருக்கும் தெரியவில்லை. பெரியவரின் வயிறு ஒரேயொரு மத்தியானம் காய்ந்தது, அடுத்த மாதமே சபை பிறந்துவிட்டது.

சபையின் பெயர், மத்திய மலைநாட்டுச் சரக்கு வாடகை நியாய நிர்ணய அதிகார சபை. இதை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவர்கள் சபைக்குள்ளேயே இல்லை. கண்டி வாவி தெரிகிற மாதிரி ஒரு மேல்மாடியில் அலுவலகம் பிடித்தார்கள். மேசை, கதிரை, அலுமாரி, தலைவர் சாய்ந்துகொள்ள ஒரு தோல் சோபா எல்லாம் வாங்கினார்கள். அவற்றைப் பேராதனையிலிருந்து ஏற்றிவந்த லொறி அலவத்துகொட மஹ்ரூபுடையது. இறக்கி முடித்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றவனிடம், பேசிய வாடகையில் பாதியைத்தான் நீட்டினார்கள். மீதி எங்கே என்று கேட்டதற்கு, நியாயமான வாடகை எது என்று சபை இன்னும் நிர்ணயிக்கவில்லையே, அதற்குள் முழுதாகக் கொடுத்தால் சபை எதற்கு என்று கேட்டார்கள். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. மஹ்ரூப் பாதியை வாங்கிக்கொண்டு படியிறங்கினான்.

மஹ்ரூப் யார் என்று சொல்லிவிட வேண்டும். வயது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதியை ஜவாஹிர் ஹாஜியாரின் லொறிகளை ஓட்டிக் கழித்தவன். ஹாஜியார் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் அவருடைய கைத்தொலைபேசி கெட்டது. மாவனல்லையில் ஒரு பிளேன்டீ குடிக்க நிறுத்தினால் மணி அடிக்கும். எங்க நிக்கிறாய், ஏன் நிக்கிறாய், தேத்தண்ணி ஊட்டுல இல்லையா என்று கேட்பார். மூத்திரம் பெய்யக்கூட உத்தரவு கேட்டுப் பெய்த காலம் அது. பல்லைக் கடித்துக் காசு சேர்த்து, ஒருநாள் பழைய லொறி ஒன்றைத் தன் பெயரிலேயே வாங்கினான். அன்று கடுகண்ணாவ இறக்கத்தில் வேண்டுமென்றே மூன்று தேநீர்க் கடைகளில் நிறுத்தினான். மூன்றாவது கடையில் தேத்தண்ணி வாய்க்குள் போகவில்லை, இருந்தாலும் குடித்தான். தொலைபேசி அடிக்கவேயில்லை. அந்தச் சுகத்தை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

அந்தச் சுகத்துக்குத்தான் இப்போது ஆபத்து. ஏற்றுவதற்குச் சரக்குக் குறைந்துபோனது, ஓடுவதற்கு லொறிகள் கூடிப்போயின. கண்டியிலிருந்து கொழும்புக்கு ஒரு லோட் கொண்டுபோனால் கிடைக்கிற வாடகை டீசலுக்குச் சரி. திரும்பி வருகிறபோது பெரும்பாலும் வெறும் லொறி. வாடகை கூடினால் லொறி மிஞ்சும், கூடாவிட்டால் லொறியைக் கொடுத்துவிட்டுப் பழையபடி ஹாஜியாரின் ஆளாகப் போக வேண்டியதுதான். ஹாஜியாரும் பள்ளிவாசலில் கண்ட போதெல்லாம் அன்போடு விசாரிப்பார். லொறியத் தந்துட்டு நீயே ஓட்டு மஹ்ரூப், என்னத்துக்கு இந்தத் தலையிடி என்பார். மஹ்ரூப் சிரித்துவிட்டு நழுவி வருவான், அன்றைக்கு முழுக்க நெஞ்சுக்குள் எரியும்.

சபையின் திறப்பு விழாவுக்கு லொறிக்காரர்கள் எல்லாரையும் அழைத்திருந்தார்கள். தலைவர் கலாநிதி ஸ்ரீதரன் பேசினார். மன்னர் காலத்தில் உப்பும் பாக்கும் சுமந்து மலையேறிய பொதிமாடுகளைப் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் வாங்கியவர் அவர். சரக்குப் போக்குவரத்தில் அவரைவிடத் தகுதியானவர் கிடைக்கவில்லையாம்.

“நண்பர்களே, பொருளியல் ரீதியாகப் பார்த்தால் பொதிமாட்டுக்கும் லொறிச் சாரதிக்கும் அடிப்படை வேறுபாடு கிடையாது. இருவரும் சுமக்கிறார்கள், இருவரும் உண்கிறார்கள். மாடு எவ்வளவு உண்டது என்பதை நான் கண்டுபிடித்துவிட்டேன். நீங்கள் எவ்வளவு உண்கிறீர்கள் என்பதைக் கண்டுபிடிப்பதே இச்சபையின் பணி. ஒன்றை மட்டும் பணிவோடு நினைவூட்டுகிறேன். முந்நூறு வருட வரலாற்றில் எந்த மாடும் எந்தப் பாலத்தையும் மறித்ததில்லை.”

கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. பேச்சு முடிந்தால்தான் பகல் சாப்பாட்டுப் பார்சல் தருவார்கள் என்று லொறிக்காரர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

எல்லாச் சாரதிகளையும் ஆராய்வதற்குச் சபைக்கு நேரம் இல்லை. ஆகவே ஒரேயொருவரை 'மாதிரிச் சாரதி'யாகத் தெரிவு செய்வது, அவர் வீட்டுக்கே போய் அவர் எப்படி வாழ்கிறார் என்று கண்ணால் பார்ப்பது, அதை வைத்து மலைநாடு முழுவதற்கும் வாடகையை நிர்ணயிப்பது என்று தீர்மானித்தார்கள். தெரிந்த லொறிக்காரன் யாராவது இருக்கிறானா என்று தலைவர் கேட்டார். தோல் சோபாவைக் கீறல் படாமல் கொண்டுவந்தவன் ஒருவன் இருக்கிறான் என்று செயலாளர் கஜலட்சுமி சொன்னார். மஹ்ரூப் தெரிவானான்.

செய்தி கட்டுகஸ்தோட்டை லொறித் தரிப்பிடத்துக்கு வந்ததும் எல்லாருக்கும் சந்தோஷம். மஹ்ரூபின் தோளில் கை போடாதவன் இல்லை. பன்வில தோட்டத்திலிருந்து தேயிலை ஏற்றுகிற சதீஸ் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் போனான்.

“நானா, எங்க எல்லாரோட தலையெழுத்தும் இப்ப ஒங்க வீட்டு அடுப்பங்கரையில இருக்கு. அடுப்பக் காட்டுங்க, அரிசிப் பானையக் காட்டுங்க. ஒன்னையும் மறைக்காதீங்க. வெக்கப்பட்டீங்கன்னா நாங்க செத்தோம்” என்றான்.

மஹ்ரூப் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். ஆனால் வீட்டில் ஹபீலா என்று ஒருத்தி இருக்கிறாளே, அவளை இரண்டு பேருமே கணக்கில் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சபை வருகிறது என்று மனைவியிடம் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, எத்தனை பேர் என்பதுதான். அவர்கள் சாப்பிட வரவில்லை, நாம் சாப்பிடாமல் இருக்கிறோமா என்று பார்க்க வருகிறார்கள் என்று மஹ்ரூப் விளக்கினான். அவளுக்கு விளங்காமல் இல்லை. விளங்கித்தான் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

“கஷ்டத்தப் பாக்க வாறாங்க எண்டா வரட்டும். ஆனா வாசப்படி ஏறின பொறகு அவங்க விருந்தாளி. விருந்தாளிக்கு முன்னால வெறுங்கோப்பைய வெக்க எனக்கேலா.”

“ஹபீலா, வெறுங்கோப்பையக் காட்டத்தானே புள்ள அவங்களக் கூப்பிட்டீக்கி.”

“நம்மட கஷ்டத்த அல்லாஹ்வுக்குக் காட்டுவோம். ஆக்களுக்கு என்னத்துக்குக் காட்டணும்?”

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மஹ்ரூபின் கையை மீறி நடந்தது. மடவளையிலிருக்கிற தம்பியிடம் சொல்லி ஹபீலா கோழி எடுப்பித்தாள். பக்கத்து வீட்டு றுமைஸா பலர் சுற்றியிருந்து சாப்பிடுகிற தன் வீட்டுப் பெரிய சஹன் தட்டைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தாள், அதோடு முட்டையும் கருப்பட்டியும் அடித்து அவித்த வட்டிலப்பம் ஒரு சட்டியும். கதிரைகள் இரண்டு வீடுகளிலிருந்து வந்தன, மேசைவிரிப்பு மூன்றாவது வீட்டிலிருந்து. ஒரு தெருவே சேர்ந்து மஹ்ரூபைப் பணக்காரனாக்கியது. வீட்டில் சொந்தமாக இருந்தது உப்பும் தண்ணீரும்தான்.

தலைவர், கஜலட்சுமி, புள்ளிவிவர உத்தியோகத்தர் மூவரும் வந்து இறங்கினார்கள். நெய்ச்சோறு மலையாகக் குவிந்த சஹனைச் சுற்றி உட்கார வைத்தார்கள். ஒரே தட்டில் எல்லாரும் கைவைத்துச் சாப்பிடுவது பற்றித் தலைவர் சில வார்த்தைகள் பேசினார், பிறகு பேசவில்லை. அவர் பக்கத்துச் சோறு தீர்ந்ததும் புள்ளிவிவர உத்தியோகத்தரின் பக்கத்துக்கு நகர்ந்தார். கஜலட்சுமி வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் சேர்ப்பதில்லை, முட்டையும் சேர்ப்பதில்லை. ஆகவே வட்டிலப்பத்தை மட்டும் சாப்பிட்டார், இரண்டாவது கிண்ணமும் சாப்பிட்டார். முடித்த பிறகு இதில் முட்டை போடுவீர்களா என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தலைவர் கோழிக் காலைக் கையில் பிடித்தபடி, வருமானம் போதுமானதாக இருக்கிறதா என்று விசாரித்தார். சொல்ல வேண்டிய இடம் அதுதான். மஹ்ரூப் வாயைத் திறந்தான். எதிரே, தன் வீட்டில், தன் சஹனில் கைவைத்துக்கொண்டு ஒரு மனிதர் இருக்கிறார். அவரைப் பார்த்துப் பத்தாது என்று சொன்னால், நீ தின்கிற சோற்றை நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்ன மாதிரி ஆகாதா? அவன் உம்மா வாப்பா அவனை அப்படி வளர்க்கவில்லை.

“அல்ஹம்துலில்லாஹ், ஓடுது சேர்” என்றான். சொல்லும்போதே தெரிந்துவிட்டது, தான் தொலைந்தோம் என்று.

அடுத்த வாரம் தரிப்பிடத்துக்கு ஒலிபெருக்கியோடு வந்து தலைவர் முடிவை அறிவித்தார். மாதிரிச் சாரதியின் இல்லத்தில் சபை நேரில் கண்ட போசாக்கு மட்டம் சபை உறுப்பினர்களின் இல்லங்களிலும் இல்லை என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. கோழி, நெய், முந்திரி, இனிப்பு எல்லாம் வாடகைக்குள்ளே ஒளிந்திருந்ததாகவும் அவற்றைக் கண்டுபிடித்து வெளியே எடுத்துவிட்டதாகவும் சொன்னார். வாடகையில் கால்வாசி குறைக்கப்பட்டது.

ஒருவரும் மஹ்ரூபை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தரிப்பிடத்தில் லோட் எடுப்பது முறைப்படி, முன்னால் நிற்கிற லொறி முதலில். அன்றிலிருந்து அவன் முறை வந்தால் அவனைத் தாண்டிப் பின்னால் நிற்கிறவன் போனான். கேட்டால், நெய்ச்சோறு தின்கிறவருக்கு எதற்கு லோட் என்றார்கள். சதீஸ் மட்டும் பக்கத்தில் வந்தான், வந்து ஒன்றுதான் சொன்னான்.

“நானா, நீங்க அவங்களுக்கு ஒங்க சோத்தப் போடல. எங்க சோத்தப் போட்டுட்டீங்க.”

மஹ்ரூப் அன்று வீட்டுக்குப் போய் ஹபீலாவைத் திட்டலாம் என்றுதான் இருந்தான். அவள் றுமைஸாவின் சஹனைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டான். ஊர் முழுக்கக் கேள்விப்பட்டுவிட்டது.

மறுநாள் சபைக்குப் போனான். கஜலட்சுமி அவனை வெளியே உட்கார வைத்து, பிறகு உள்ளே உட்கார வைத்து, பிறகு மறுபடி வெளியே உட்கார வைத்தார். மேன்முறையீடு செய்ய எந்தச் சாரதிக்கும் உரிமை உண்டு, ஆனால் மாதிரிச் சாரதிக்கு இல்லை என்று விளக்கினார். மாதிரியே தான் மாதிரி இல்லை என்று சொன்னால், சபை எடுத்த முடிவு எதன் மேல் நிற்கும்? மஹ்ரூப் கெஞ்சினான். அன்றைக்கு நீங்கள் சாப்பிட்டது நாலு வீட்டுச் சாப்பாடு அம்மா, என் வீட்டுச் சாப்பாடு இல்லை என்று உண்மையைப் போட்டு உடைத்தான். கஜலட்சுமியின் முகம் சுருங்கியது. அப்படியானால் சபையை ஏமாற்றியிருக்கிறீர்கள் என்றார். கடைசியில் தலைவரே மனமிரங்கினார். இரண்டாம் தடவையும் அவதானிக்கலாம், ஆனால் இந்த முறை ஒன்றையும் சோடிக்கக் கூடாது, உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் என்றார்.

உள்ளது உள்ளபடி என்றால் இல்லாதது இல்லாதபடிதானே. முறை கிடைக்காமல் லொறி நின்றதில் வீட்டில் ஒன்றுமே இருக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டி விற்றாகிவிட்டது. ஹபீலா மகள் ஸஹ்ராவைக் கூட்டிக்கொண்டு மடவளைக்குப் போய்விட்டாள். வாசலுக்கு வந்த மனிதருக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புகிற வீட்டில் நிற்க என்னால் ஏலாது, வேண்டுமென்றால் நீங்களே நின்று கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். மஹ்ரூப் தனியாக நின்றான். சீனி போடாத பிளேன்டீ மூன்று கோப்பை ஊற்றி வைத்தான். தலையைக் குனிந்தபடி அதை நீட்டினான். மாமியார் வீட்டில் முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தபோதுகூட அவனுக்கு அவ்வளவு வெட்கம் வரவில்லை.

தலைவர் குசினிக்குள் போனார். அரிசிப் பானையின் மூடியைத் தானே திறந்து பார்த்தார். அடுப்பில் கை வைத்துப் பார்த்தார், குளிர்ந்து கிடந்தது. திரும்பி வந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. கைலேஞ்சியை எடுத்து ஒற்றிக்கொண்டார். மஹ்ரூபின் நெஞ்சில் அன்றைக்குத்தான் சற்றுத் தண்ணீர் வார்த்தது போலிருந்தது. மனுஷனுக்கு இரக்கம் இருக்கிறது, யா அல்லாஹ், என்று நினைத்தான்.

“நான் நெகிழ்ந்து போனேன், மஹ்ரூப். வாடகையைக் கால்வாசி குறைத்தோம். சீனி இல்லை, அரிசி இல்லை, அடுப்பு எரியவில்லை. ஆனாலும் நீங்கள் என் முன்னால் நிற்கிறீர்கள். உயிரோடு நிற்கிறீர்கள். இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? இதுவரை நாங்கள் தேவைக்கு அதிகமாகவே கொடுத்து வந்திருக்கிறோம்.”

புள்ளிவிவர உத்தியோகத்தர் தலையாட்டினார். பிளேன்டீயை ஒருவரும் தொடவில்லை. இரண்டாவது குறைப்பு அந்த வாரமே அறிவிக்கப்பட்டது. கோழி இருந்தால் வாடகை அதிகம், கோழி இல்லாவிட்டாலும் வாடகை அதிகம். இப்படிப்பட்ட நியாயத்தை எதிர்த்து மனிதன் எந்த வாசலில் போய் நிற்பான்?

இனி வீட்டைப் பார்த்து வேலையில்லை, சேர் எங்களோடு ஒரு முறை கொழும்புக்கு வந்து பாருங்கள், லொறி தின்கிறதைப் பாருங்கள் என்று சாரதிகள் சபையைக் கேட்டுக்கொண்டார்கள். இந்த யோசனை சதீஸுடையது. தலைவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மாதிரிச் சாரதியின் லொறியிலேயே போவதென்று முடிவாகி, தரிப்பிடத்தில் எல்லாரும் விட்டுக்கொடுத்து மஹ்ரூபுக்கு ஒரு லோட் தேயிலை ஏற்றினார்கள். முன் ஆசனத்தில் தலைவர் ஒரு தலையணையோடு ஏறினார். புள்ளிவிவர உத்தியோகத்தரைப் பின்னால் தேயிலை மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்தார்கள்.

கடுகண்ணாவ இறக்கத்துக்கு முன்னால் மஹ்ரூப் நிறுத்தி, பின் டயர்களைக் காட்டினான். பூ முழுக்கத் தேய்ந்து உள்ளே நூல் தெரிந்தது. இதை மாற்றாமல் ஓடுகிறவன் தன் கபன் துணியைத் தானே தைக்கிறான் சேர் என்றான். தலைவர் குனிந்து பார்த்தார்.

“இந்த டயர் எப்போதாவது வெடித்திருக்கிறதா?”

“இன்னும் இல்ல, சேர்.”

“நடக்காத ஒன்றுக்குச் செலவு கேட்பதை எங்கள் அகராதியில் மோசடி என்போம்.”

இறக்கத்தில் மஹ்ரூப் தாழ்ந்த கியரில் போட்டு, பிரேக்கை மிதிக்காமல் மெல்ல மெல்ல இறக்கினான். பாரம் ஏற்றிய லொறியை அங்கே அப்படித்தான் இறக்குவது. மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிக் கைவிட்டுவிடும். தலைவர் அவன் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். கீழே வந்ததும், பிரேக் இல்லாமலே இறங்க முடிகிறது என்பதை நேரில் கண்டதாகவும் பிரேக் செலவை வாடகையிலிருந்து நீக்கலாம் என்றும் சொன்னார். மாவனல்லையில் மஹ்ரூப் தேத்தண்ணிக்கு நிறுத்தவில்லை. நிறுத்தினால் அது சொகுசாகிவிடும், நிறுத்தாவிட்டால் அது தேவையில்லை என்றாகிவிடும் என்று தெரிந்துதான் நிறுத்தவில்லை. தேவையில்லை என்றானது.

ஆனால் உண்மையான இடி கொழும்பில் காத்திருந்தது. தேயிலையை இறக்கிவிட்டு, திரும்புவதற்கு லோட் தேடி அலைந்தார்கள். ஒன்றும் அமையவில்லை. வெறும் லொறியோடு கண்டிக்குத் திரும்ப வேண்டும். மஹ்ரூபுக்கு உள்ளூரச் சந்தோஷம். இதைத்தான் சேர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். போக ஒரு வாடகை கிடைக்கிறது, திரும்பி வருவதற்கு டீசல் நம் கையிலிருந்து, அதைச் சேர்த்துத்தானே வாடகை போட வேண்டும் என்றான். தலைவர் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடி யோசித்தார். பேராதனை தாண்டும்போது கண்ணைத் திறந்தார்.

“உங்கள் வீடு எங்கே இருக்கிறது?”

“அலவத்துகொடயில, சேர். நீங்க வந்தீங்கதானே.”

“அப்படியானால் நீங்கள் கண்டிக்கு வருவது வீட்டுக்கு வருவதற்காக. நானும் மாலையில் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போகிறேன். அதற்கு யாரும் எனக்குக் காசு தருவதில்லை.”

அவரை வீட்டுக்குக் கொண்டுபோகச் சபையின் வாகனம் சாரதியோடு வாவிக்கரையில் நின்றுகொண்டிருந்தது. அவர் ஏறிக் கையசைத்துவிட்டுப் போனார். திரும்பி வரும் பயணம் வேலை அல்ல, வீடு திரும்புதல் என்று சபை அறிவித்ததும், இருந்த வாடகையும் பாதியானது. வியாபாரிகள் அந்தப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கும் கீழே பேரம் பேசினார்கள். சபையே சொல்லிவிட்டதே என்றார்கள்.

அந்த மாதமே மஹ்ரூப் ஹாஜியாரின் கடைக்குப் போனான். போவதற்கு முன்னால் லொறியைக் கழுவினான். எதற்காகக் கழுவுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. மடவளையிலிருந்து திரும்பி வந்திருந்த ஹபீலா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்தக் கோழிய அறுக்காம இருந்திருக்கலாம் என்று அவள் சொன்னாள். அவள் அப்படிச் சொல்லி மஹ்ரூப் கேட்டதில்லை, அதைக் கேட்கத்தான் அவனுக்குப் பொறுக்கவில்லை. நீ செஞ்சது சரிதான் புள்ள, ஊட்டுக்கு வந்தவனுக்குச் சோறு போட்டது பிழையா என்று அதட்டிவிட்டு ஏறிப்போனான்.

ஹாஜியார் மிகவும் அனுதாபத்தோடு வாங்கினார். வாடகை விழுந்துவிட்டதால் லொறிக்கும் விலை விழுந்துவிட்டது, என்ன செய்ய மஹ்ரூப், சபை அப்படிப் பண்ணிவிட்டது என்றார். முன் கண்ணாடிக்கு மேலே ஹாஜியாரின் கடைப் பெயர் ஏறியது. மஹ்ரூப் அதே ஆசனத்தில், அதே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நாட்கூலிக்கு ஓட்டினான். முதல் நாள் மாவனல்லையில் நிறுத்திய உடனே தொலைபேசி அடித்தது.

அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். சதீஸ் கொஞ்சம் தாக்குப்பிடித்தான், பன்விலயிலிருந்து கொஞ்ச நாள் புல்லும் விறகும் ஏற்றிப் பார்த்தான், பிறகு அவனும் வந்தான். கட்டுகஸ்தோட்டைத் தரிப்பிடத்தில் இப்போதும் அதே லொறிகள்தான் நிற்கின்றன, அதே ஆட்கள்தான் ஓட்டுகிறார்கள். எல்லாவற்றின் நெற்றியிலும் ஒரே பெயர், எல்லார் சட்டைப் பையிலும் ஒரே ஆளின் தொலைபேசி மணி. இனி முறை பற்றிச் சண்டையில்லை. எந்த லொறி போக வேண்டும் என்று ஹாஜியார் சொல்லுவார்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வாடகை கூடிவிட்டது. கொஞ்சநஞ்சமில்லை, மறியலுக்கு முன்னால் இருந்ததைப் போல மும்மடங்கு. சபையின் மாபெரும் வெற்றி என்று அதற்கு ஒரு விழா எடுத்தார்கள். முன் வரிசையில் ஜவாஹிர் ஹாஜியார் வெள்ளை ஜுப்பாவில் உட்கார்ந்திருந்தார். அவர் பின்னால் அவருடைய சாரதிகள் எல்லாரும். விழாவுக்கு வரச்சொல்லி அவர்தான் உத்தரவு கொடுத்திருந்தார், அரைநாள் கூலியைப் பிடித்துக்கொண்டு. மாதிரிச் சாரதி இல்லாமல் விழா நிறைவு பெறாது என்று மஹ்ரூபை மேடைக்கே கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

தலைவர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார். இந்தப் பிரதேசத்தின் மிகப்பெரிய லொறி உரிமையாளரான ஹாஜியாரிடம் தாமே தொலைபேசியில் பேசியதாகவும், வாடகை போதுமா என்று கேட்டதாகவும், பத்தாது என்று ஹாஜியார் ஒரே வார்த்தையில் சொன்னதாகவும் சொன்னார். அவ்வளவுதான், அந்தப் பின்னேரமே சபை கூடி வாடகையைக் கூட்டிவிட்டது. வீட்டைப் பார்க்கவில்லை, பானையைத் திறக்கவில்லை. கண்ணியமான ஒரு வர்த்தகரின் குசினிக்குள் நுழைவது சபையின் பண்பாடு அல்ல என்றார். பிறகு, மாதிரிச் சாரதியும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஒலிவாங்கியை மஹ்ரூபின் வாயருகே பிடித்தார்கள்.

மஹ்ரூபுக்கு மேடைப் பேச்சு தெரியாது. வாயில் வந்ததைக் கேட்டான்.

“சேர், பத்தாது எண்டு நாங்களும்தானே சொன்ன.”

தலைவர் கோபப்படவில்லை. விளங்காத பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தருகிறவரைப் போலப் புன்னகைத்து, ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சொன்னீர்கள், மஹ்ரூப். மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் வாடகையில் சாப்பிடுகிறவர். வாடகையில் சாப்பிடுகிறவர் வாடகை பத்தாது என்று சொன்னால், அதில் சுயநலம் இருக்கிறதா இல்லையா என்று சபை எப்படிக் கண்டுபிடிப்பது? ஹாஜியாரைப் பாருங்கள். அவருக்குக் கடை இருக்கிறது, காணி இருக்கிறது. வாடகை ஒரு சதம் வராவிட்டாலும் அவர் வீட்டு அடுப்பு எரியும். அப்படிப்பட்டவர் பத்தாது என்று சொல்லும்போதுதான், அது உண்மையிலேயே பத்தாது என்று எங்களுக்குத் தெரிய வந்தது.”

முதலில் கைதட்டியது கஜலட்சுமி. பிறகு புள்ளிவிவர உத்தியோகத்தர், பிறகு மண்டபம் முழுக்க. தன்னுடைய சாரதிகளில் யார் யார் தட்டுகிறார்கள் என்று பார்க்க ஹாஜியார் மெல்லத் திரும்பினார். சதீஸ் தலையைக் குனிந்துகொண்டு தட்டினான். பார்வை அவனைத் தாண்டி, வரிசை வரிசையாகப் போய், கடைசியாக மேடைக்கு ஏறியது.

மஹ்ரூப் இரண்டு கைகளையும் தூக்கித் தட்டினான்.